உள்ளங்கை அகழி

அரிசோனாவில், எல்லைக்கு இருபது மைல் வடக்கே
பதினொரு அறைகள் உள்ள விடுதி.
ஏழாம் அறைக்குப் பின்னால், கூரை விளிம்பில்
சிவப்பு மூடி போட்ட கண்ணாடிக் குப்பி.
நாலு பங்கு தண்ணீர், ஒரு பங்கு சர்க்கரை.
சாயம் கூடாது. தேனும் கூடாது.
தொலைநோக்கியும் கழுத்துமாக ஆட்கள் வருவது
இங்கே உள்ள கட்டிலுக்காக அல்ல,
குப்பியில் அலகை நுழைத்தபடி
அந்தரத்திலேயே நிற்கும்
ரீங்காரச் சிட்டுகளுக்காக.

எறும்புகளும் குப்பிக்காகத்தான் வருகின்றன.
அவை வாடகை தருவதில்லை.

இக்னாசியாவுக்கு அறை துடைக்கிற வேலை.
குப்பியும் உன் பொறுப்பு என்று
யாரும் அவளிடம் சொன்னதில்லை.
முதலாளி ஹால்வர்சன் அப்படி நினைத்துக்கொண்டார்,
அவ்வளவுதான்.

முதலில் கொக்கியில் வாசலின் தடவினாள்.
பத்து மணி வெயிலில் அது உருகிக்
குப்பியின் தோளில் வழிந்தது.
இறகில் பட்டால் அந்த உயிர் என்னாவது என்று
மூன்றாம் அறைக்காரி சத்தம் போட்டாள்.
வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள்.
பட்டைத் தூள் தூவினாள்,
காற்று வாரிக்கொண்டு போனது.
கம்பியை எடுத்துவிட்டு
மீன்பிடி நரம்பில் தொங்கவிட்டாள்.
எறும்பு ஊரக் கல்லே தேயுமாம்,
நரம்பு எம்மாத்திரம்?
ஒற்றை வரிசை. ஒன்றுகூட வழுக்கவில்லை.

காலையில் குப்பிக்குள்
எள் இறைத்த மாதிரி மிதந்தன.
ஒரு சிட்டு வந்தது, பார்த்தது,
வந்த வழியே பின்னுக்குப் பறந்தது.
மின்னசோட்டாவிலிருந்து இரண்டு நாள் வண்டி ஓட்டி வந்த தம்பதி
நோட்டுப் புத்தகத்தை மூடினார்கள்.

அதனால்தான் அகழி.
பழைய ஜாம் புட்டியின் மூடி, உள்ளங்கை அகலம்.
நடுவில் துளையிட்டு, கம்பி செருகி,
துளையைப் பசையால் அடைத்து,
குப்பிக்கு மேலே தொங்கவிட்டுத் தண்ணீர் நிரப்பினாள்.

எறும்புகள் கரைவரை வந்தன.
மீசையால் நீரைத் தொட்டுப் பார்த்தன.
போகிறதும் வருகிறதும் முகத்தோடு முகம் முட்டிச்
சேதி சொல்லிக்கொண்டன.
சாயங்காலத்துக்குள் கம்பி வெறும் கம்பியானது.

இது ஜூன். மழை இன்னும் மெக்சிகோவைத் தாண்டவில்லை.
காலையில் ஊற்றியது பதினொரு மணிக்கே இல்லை,
குப்பிக்குள் மறுபடியும் எள்.
வெயில்தான், வேறென்ன என்று நினைத்தாள்.
ஆனால் பக்கத்துக் கம்பத்தின் மேல்
சோதனைக்கு வைத்த இன்னொரு மூடியில்
நடுப்பகலிலும் பாதித் தண்ணீர் இருந்தது.

இரண்டு சொட்டு எண்ணெய் விடு, என்றார் ஹால்வர்சன்,
ஆவியாகாது.

எண்ணெய்ப் புட்டியோடு
போர்வை வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தபோது பார்த்தாள்:
மஞ்சள் தலை, சாம்பல் உடம்பு,
கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது.
சர்க்கரைத் தண்ணீரை அது ஏறிட்டும் பார்க்கவில்லை.
மூடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
குனிந்தது, நிமிர்ந்தது, குனிந்தது.
தொண்டையில் ஒவ்வொரு மிடறும் தெரிந்தது.
சுற்றி எண்பது மைலுக்கு
மணலும் ஆற்றின் பெயர்ப் பலகையும்தான்.

அது போன பிறகும் மூடி
கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

இப்போது ஒரு நாளைக்கு நாலு தடவை
ஐஸ் இயந்திரத்திலிருந்து ஒரு கட்டி எடுத்துப் போகிறாள்.
மெல்ல உருகுகிறது, கொஞ்சம் தாங்குகிறது.
நடுவில் அசந்தால்
முப்பது நாற்பது எறும்பு உள்ளே போகத்தான் செய்கிறது.
ஸ்பூனால் அள்ளிப் புதரில் போடுகிறாள்.
சில நடந்து போகின்றன.

எண்ணெய் விட்டாயா, என்று கேட்டார்.
விட்டேன், என்றாள்.

இரண்டு வருடமாய்க் கிறீச்சிட்ட
ஏழாம் அறைக் கதவு
இப்போது சத்தமில்லாமல் திறக்கிறது.